அந்தமானுக்குப் போகிறீர்களா?

ஜோகன்னஸ்பர்க் வந்த பிறகு எங்கள் வீட்டில் விடுமுறை என்றாலே காடுதான். அதில் மறக்க முடியாதது நமீபியாவின் எட்டோஷா பூங்கா. அங்கே ஒகாகுவேயோ தங்குமிடத்தில், அறையிலிருந்து கொஞ்சம் நடந்தால் தண்ணீர்க் குட்டை. இரவில் விளக்கு எரியும். தாழ்வான சுவருக்கு இந்தப் பக்கம் நாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் யானையும் காண்டாமிருகமும் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்.

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். ஊருக்குப் போகும்போது அப்படியே அந்தமானும் போகிறாராம். "பாராடாங் போற வழியில ஜாரவாக்களைப் பார்க்கலாமாமே, எத்தனை மணிக்குப் போனா தெரிவாங்க?" என்றார். காண்டாமிருகம் எத்தனை மணிக்கு வரும் என்று எட்டோஷாவில் நானும் இப்படித்தான் கேட்டேன்.

அவரைத் திட்டும் யோக்கியதை எனக்கில்லை. 2010-இல் நானும் போனேன். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் விடிகாலையிலேயே வண்டி வரிசை. "போகும்போது தெரியலைன்னா வரும்போது கண்டிப்பா தெரியும் சார்" என்றார் டிரைவர். வழியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தார். "அதோ, அதோ!" என்று மனைவியிடம் கத்தினேன். அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த "அதோ" இன்னும் உறுத்துகிறது. இங்கே வந்த புதிதில் கடைவீதியில் என் மனைவியின் புடவையை ஒருவர் கேட்காமல் படம் எடுத்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமா?

அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவாக்களின் காட்டை வெட்டிப் போட்ட சாலை. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் மொத்தம் 380 பேர். வெளியாட்களின் நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. 1999-இல் தட்டம்மை பரவியது. அவர்கள் காட்டின் வழியாகப் போகும் பகுதியை மூடச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ 2012-இல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. 2013 ஜனவரியில் சுற்றுலா வண்டிகளுக்கு நீதிமன்றம் தடை போட்டது. சில வாரங்களிலேயே அதுவும் தளர்ந்தது.

ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சாமானுக்கும் இந்தச் சாலை வேண்டும் என்கிறார்கள். அது நியாயமான வாதம். அவர்களில் தமிழர்களும் உண்டு. ஆனால் நாலு நாள் விடுமுறைக்குப் போகும் நமக்கு எதற்கு? சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்க்காவிட்டால் குடி முழுகிவிடாது.

எட்டோஷாவில் மிருகத்துக்குத் தொந்தரவு கூடாதென்று குழந்தையைக்கூட "உஷ்" என்று அடக்குகிறோம். நம் நாட்டு மனிதர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

நண்பரிடம் செல்லுலார் சிறை, சிடியா டாப்பு, ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு) போதும் என்றேன். "யோசிக்கிறேன்" என்றார். நீங்களும் யோசியுங்கள்.