முதல் வகுப்பின் பாடம்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும்போது, நம் ஜில்லாவின் ஐந்து வயதுக் குழந்தைகள் முதன்முறையாக முதல் வகுப்பில் காலெடுத்து வைக்கின்றனர். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில், எந்த ஜில்லா முந்தியது, எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு பெற்றது என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, நாமும் எழுதுகிறோம். முதல் வகுப்புக் குழந்தை ஏப்ரல் மாதத்தில் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தது என்று கேட்பாரில்லை. அதற்குப் பரீட்சை முடிவும் இல்லை, பத்திரிகையில் படமும் இல்லை. ஆயினும் பின்வரும் பத்து வருஷங்களின் கதி அந்த ஒரே வருஷத்தில் பெரும்பாலும் நிச்சயமாகிவிடுகிறது என்பது நமது அபிப்பிராயம். அந்த வருஷத்தின் வேலை ஒன்றே. தான் பேசும் பாஷையில் எழுதியிருப்பதைக் குழந்தை தானே படித்துப் பொருளறிய வேண்டும்; கையில் எடுத்ததை எண்ணத் தெரிய வேண்டும். இதற்குக் குறுக்கே வரும் எதுவும், எவ்வளவு பகட்டானதாயினும், அந்த வருஷத்திற்கு உரியதன்று.

இக்கரையில் குழந்தைகளுக்குப் பாடஞ்சொல்லும் விவகாரம் புதிதன்று. 1542-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் அறிந்த சிலரைக்கொண்டு ஜபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி ஒப்பிக்கச் செய்தார். அந்தத் தமிழாக்கத்தில், 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்திருந்தது. இது பிறகே அவருக்குத் தெரிந்தது. உடனே, தம் சகாவான மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, அச்சொல்லை மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டார். தவறைக் கண்டவுடன் ஒளிக்காமல் திருத்திய அப்பெரியவரின் நேர்மையை நாம் வணங்குகிறோம். ஆனால் நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொரு விஷயம். ஒப்பித்த சிறுவர்களோ தமிழ்ச் சிறுவர்கள். 'வேணும்' என்பது அவர்கள் வீட்டுச் சொல். ஒரு பையனாவது எழுந்து, "ஐயா, எது வேணும்?" என்று கேட்டிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஒப்பிப்பதே பாடம் என்று பழக்கப்பட்ட குழந்தை, தன் தாய்பாஷையில்கூடப் பொருள் கேட்பதை விட்டுவிடுகிறது.

அவருக்குப் பின் வந்த அண்ட்ரிக் பாதிரியார் வேறு வழியில் சென்றார். புன்னைக்காயலில் தங்கித் தமிழை முறையாகக் கற்று, அதன் இலக்கணத்தையும் எழுதி, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். இந்திய எழுத்து ஒன்றில் இத்தேசத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. கடற்கரைச் சனங்களுக்கு அவர்கள் எழுத்திலேயே சொன்னால்தான் விளங்கும் என்பதை நானூற்று நாற்பது வருஷங்களுக்கு முன்னால் போர்த்துகலிலிருந்து வந்தவர் கண்டுகொண்டார். அதே கடற்கரையில் பிறந்த நம்மவர்க்கு இன்னும் அது பிடிபடவில்லை.

திரேஸ்புரத்திலும் தருவைக்குளத்திலும், உப்பளங்களை ஒட்டிய குடியிருப்புகளிலும் இன்று நடப்பது என்ன? விடிவதற்கு முன்பே கடலுக்கோ உப்பளத்துக்கோ போய்வரும் தகப்பன், தன் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்துக் குழந்தையை வேனில் ஏற்றி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறான். மாலையில் குழந்தை கைகட்டி நின்று ஓர் ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கிறது, வீடே பூரிக்கிறது. மழையைப் போய்விடு என்று விரட்டும் பாட்டு அது! மழைக்கு ஏங்கும் இந்த வறண்ட ஜில்லாவிலே அதைப் பாடுகிறோம் என்பதைக் குழந்தையும் அறியாது, தாயும் அறியாள். (உப்பளக்காரர் வீட்டுக்கு மட்டும் அது தற்செயலாகப் பொருந்திவிடுகிறது.) அந்தத் தகப்பனை நாம் குறை கூறவில்லை. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு நாற்காலி கிடைப்பதையும் தெரியாதவன் வாசலில் நிற்பதையும் அவன் கண்ணாரக் காண்கிறான். நாமும் ஆங்கிலம் கற்று, கோர்ட்டில் அதைப் பேசி வயிறு வளர்த்தவர்தாம். அவனுக்கு உபதேசம் செய்ய நமக்கு வாயில்லை. எப்போது, எந்த வரிசையில் கற்பது என்பதே நம் கேள்வி.

தமிழ்க் குழந்தைக்கு முதல் வருஷத்தின் வேலை ஏற்கெனவே சிறிதன்று. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. இத்தனையும் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் கொம்பு, கால், சுழி முதலிய குறிகளின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் பெரும்பாலான சொற்களைக் குழந்தை தானே கூட்டிப் படித்துவிடும். எழுத்து வேறு, ஒலி வேறு என்ற வஞ்சகம் தமிழில் குறைவு. வேறொரு இடையூறு உண்டு. வீட்டில் 'தண்ணி' என்கிற குழந்தை புத்தகத்தில் 'தண்ணீர்' என்று காண்கிறது. 'மள' என்று சொல்லிப் பழகிய நாக்கு 'மழை' என்று படிக்க வேண்டியிருக்கிறது. பேச்சுத் தமிழிலிருந்து ஏட்டுத் தமிழுக்கு ஏறுவதே ஒரு படி. அந்தப் படியிலே கால் ஊன்றுவதற்கு முன், பெரியது சிறியது என்று ஐம்பத்திரண்டு வடிவமுள்ள ஆங்கில எழுத்தையும் அதே வருஷத்தில் சுமத்துகிறோம். அதில் 'பட்' என்ற சொல்லிலும் 'புட்' என்ற சொல்லிலும் ஒரே உயிரெழுத்து நிற்கிறது; ஏனென்று கேட்டால் உபாத்தியாயரிடமே பதில் இல்லை. கேட்கக்கூடாத கேள்வியும் உண்டு என்பதைக் குழந்தை ஐந்தாம் வயதிலேயே கற்றுக்கொள்கிறது.

பலன் கணக்கில் தெரிகிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் இந்தியக் கிராமங்களில் 2018-ல் நூற்றுக்கு 27.3 பேர், கொரோனா மூடலுக்குப் பின் 2022-ல் 20.5 பேர், 2024-ல் 27.1 பேர். 'அசர்' என்ற ஆய்வின் கணக்கு இது. தமிழ்நாட்டிலோ 2022-ல் ஐந்து பேர்கூட இல்லை. பரீட்சைத் தேர்ச்சியில் மார்தட்டும் மாகாணத்திற்கு இது பெருமையன்று. அந்த வருஷமே ராஜ்ய சர்க்கார் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கி, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் யாவரும் 2025-க்குள் எழுத்தும் எண்ணும் அறியவேண்டும் என்று இலக்கு வைத்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் பொம்மையும் கொண்டு கற்பிக்கும் அம்முறையை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் கற்பிக்கும் நேரத்தைக் கைபேசியில் விவரம் ஏற்றுவதில் செலவிட வேண்டியிருக்கிறது என்று உபாத்தியாயர்கள் சொல்லும் குறை தட்டிக்கழிக்கத் தக்கதன்று.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29-வது பிரிவு, இயன்ற மட்டும் குழந்தையின் தாய்பாஷையே போதனா பாஷையாக இருக்கவேண்டும் என்கிறது. 'இயன்ற மட்டும்' என்ற வார்த்தைகளின் வழியாக ஒரு யானையே நுழைந்து போகலாம் என்பதை வக்கீல்கள் அறிவார்கள். 2014 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு, கர்நாடக வழக்கில், ஆரம்பப் பள்ளிகளின்மீது சர்க்கார் தாய்பாஷையைத் திணிக்க முடியாது, தேர்வு பெற்றோருடையது என்று தீர்ப்பளித்தது. தனியார் பள்ளியில் சர்க்காரின் கை கட்டப்பட்டிருக்கிறது, சரி. தன் சொந்தப் பள்ளியில் யார் கட்டினார்கள்? 2006-ல் சட்டம் இயற்றி முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாய பாடமாக்கிய தமிழ்நாடு, 2012-13-ஆம் கல்வியாண்டில் தன் பள்ளிகளிலேயே முதல் வகுப்பு ஆங்கிலப் பிரிவுகளைத் திறந்தது. ஒரு கையால் நட்டதை மறுகையால் அசைத்துப் பார்க்கும் தோட்டக்காரனின் செய்கை இது.

டில்லி சர்க்காரின் நடத்தை இதனினும் விசித்திரம். 2020-ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கை ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்பாஷையில் கற்பிக்கச் சொல்லுகிறது, நல்ல வாக்கு. ஆனால் அந்நல்வாக்கோடு மும்மொழித் திட்டத்தையும் முடிச்சிட்டு, அக்கொள்கையை ஒட்டிய ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-ஆம் வருஷத்துக்குரிய சுமார் 2,150 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். தாய்பாஷையின் பெருமையைப் பேசிக்கொண்டே, தாய்பாஷையில் படிக்கும் ஏழைக் குழந்தையின் பள்ளிக்கூடப் பணத்தைப் பிடித்து வைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இனி, பாடத்துக்குள் இருக்கவேண்டியது என்ன? கடற்கரைக் குழந்தை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை. கச்சான் எது, கொண்டல் எது, வாடை எது என்று காற்றின் பெயர் அதற்குத் தெரியும். சாளை, நெத்திலி, சீலா என்று மீன் பெயர் தெரியும். ஏலக்காரன் எண்களைக் கூவுவது தினமும் காதில் விழுகிறது. சங்கு, தோணி, வலை, உப்பு ஆகிய சொற்களை எழுத்தில் கண்டவுடன், 'இது நான் பேசுகிற பேச்சுத்தான்' என்று அது துள்ளும். மாகாணம் முழுவதற்கும் ஒரே புத்தகம் இருக்கட்டும். ஆனால் உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதும் முதற் சொற்கள் அந்த ஊர்ச் சொற்களாக இருப்பதை எந்த விதி தடுக்கிறது? சிப்பியைக் குவித்துப் பத்துப் பத்தாகக் கூறு கட்டச் சொன்னால், பதின்மக் கணக்கு செலவில்லாமல் வந்துவிடும்.

இதைச் சொன்னவுடன், "குலக்கல்வி வருகிறது!" என்று கூச்சல் எழலாம். அந்தப் பயம் ஆதாரமற்றதன்று. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டுத் தொழில் என்று ஏற்பட்டது, ஜனங்கள் கொதித்தெழுந்தனர், 1954-ல் அது கைவிடப்பட்டது. நியாயமாகவே கைவிடப்பட்டது. சங்கு என்ற சொல்லைப் படிக்கக் கற்பது சங்குகுளிக்கப் போவதற்கன்று. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது. அத்தொழிலையே தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று துறைமுகத்திலும் கப்பலிலும் கம்பெனியிலும் வேலை தேடவேண்டும். எந்த வேலைக்கும் படிக்கத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்குப் போவதைவிடச் சுருக்கமான வழி அதற்கு இல்லை.

ஆங்கிலம் பிந்திவிடுமே என்று அஞ்சுவோர், இந்த ஜில்லாவின் தலைமகனை நினைக்கட்டும். ஓட்டப்பிடாரத்துச் சிதம்பரம் பிள்ளை முதலில் வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் எழுத்துக் கற்றார். தூத்துக்குடிப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தது பிறகுதான். அந்த ஆங்கிலம் வக்கீல் தொழிலுக்கும் போதியதாயிருந்தது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளையர் கம்பெனியோடு போட்டியிடவும் போதியதாயிருந்தது. எட்டயபுரத்துப் பாரதியாரும் 'தேசீயக் கல்வி' பற்றி எழுதுகையில் ஆரம்பப் படிப்பைத் தாய்பாஷையிலேயே வைத்தார். அவர் ஆங்கிலம் அறியாதவர் அல்லர்.

அந்த எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பசித்த குழந்தைக்கு அகரம் ஏறாது என்பதை அறிந்த சர்க்கார் அது. 2022-ல் தொடங்கிய காலை உணவு, 2024 ஜூலையில் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உதவி பெறும் பள்ளிகள் மிகுந்த நம் கரைக்கு இது பெரிய காரியம். சோறு வந்துவிட்டது, உபாத்தியாயரோ போதவில்லை. அறுபது குழந்தைகள் வரை இரண்டு பேர் என்பது சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கிட்டால், தனியே விரல் பிடித்து எழுதுவிக்க வேண்டிய முதல் வகுப்புக் குழந்தைக்கு மிஞ்சுவது என்ன?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 21-வது பிரிவு கூறுகிறது. உதவி பெறும் பள்ளிகளில் அக்குழுவுக்கு ஆலோசனை அதிகாரம் மட்டுமே என்று 2012-ல் திருத்தினார்கள். ஆயினும் கேள்வி கேட்பதற்கு ஆலோசனை அதிகாரம் தாராளமாகப் போதும். வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள நம் தேசத் தொண்டர்கள், தேர்தல் வேலை ஓய்ந்த காலத்தில், தம் ஊர்க் குழுக்கூட்டத்திற்குப் பெற்றோரை அழைத்துக்கொண்டு செல்லட்டும். ஏப்ரல் மாதத்தில், முதல் வகுப்பு முடித்த ஒவ்வொரு குழந்தையிடமும் புத்தகத்தில் இல்லாத ஒரு தமிழ் வரியை எழுதிக் கொடுத்து, படித்துப் பொருள் சொல்லச் சொல்லட்டும். எத்தனை பேர் சொன்னார்கள் என்ற கணக்கை நமக்கு அனுப்பினால், பத்தாம் வகுப்பு முடிவுக்குக் கொடுக்கும் அதே இடத்தில் அதை வெளியிடுவோம்.