ஈத்தேனின் 3 கிலோகலோரியும் ஒற்றைச் சொல் விடையும்

ஈத்தேன் மூலக்கூறில் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிய சுழற்சிக்குத் தடை ஏன் இருக்கிறது? முதுநிலை வேதியியல் வகுப்புகளில் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் ஒரே சொல்லில் விடை வருகிறது. பழைய பாடநூல்களைப் பயின்றவர் ‘கொள்ளிட நெருக்கடி’ என்பார். 2001-க்குப் பிந்தைய ஆய்விதழ்களைப் புரட்டியவர் ‘ஹைப்பர்கான்ஜுகேஷன்’ என்பார். அவருக்கே கூடுதல் மதிப்பும் கிடைக்கும். ஆனால் இரு விடைகளிலும் இருப்பது ஒரே குறை. எதனோடு ஒப்பிட்டு அக்காரணம் கூறப்படுகிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

தடையின் அளவைப் பற்றி இன்று கருத்து வேறுபாடு இல்லை. 1930-களின் தொடக்கம் வரை ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிய சுழற்சி ஏறக்குறையத் தடையற்றது என்றே பலரும் கருதினர். ஈத்தேனின் வெப்ப இயக்கவியல் அளவீடுகள் அக்கருத்தோடு பொருந்தவில்லை. தடையற்ற சுழற்சிக்குக் கணக்கிடப்பட்ட என்ட்ரோபியைவிட உண்மை மதிப்பு குறைவாக இருந்தது. 1936-இல் கெம்ப், கென்னத் பிட்சர் ஆகிய இருவரும் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 3 கிலோகலோரி தடை இருந்தால் இம்முரண் தீரும் என்று காட்டினர். 1963-இல் பிட்சரின் மகன் ரஸ்ஸல் பிட்சரும் லிப்ஸ்கோமும் ஹார்ட்ரி–ஃபாக் முறையில் கணக்கிட்டு 3.3 கிலோகலோரி என்ற மதிப்பைப் பெற்றனர். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 2.9.

அளவு தெளிவான பிறகும் காரணம் தெளிவாகாததற்கு ஒரு கணக்கே சான்று. ஈத்தேனின் மொத்த மின்னணு ஆற்றல் ஏறத்தாழ 50,000 கிலோகலோரி. ஹைட்ரஜன்கள் ஒன்றன்பின் ஒன்று மறையும் மறைத்தல் வச அமைப்புக்கும், அவை விலகி நிற்கும் அமைப்புக்கும் இடையிலான வேறுபாடு அதில் பதினாறாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுழற்சியின்போது இயக்க ஆற்றல், கரு ஈர்ப்பு, மின்னணு விலக்கம் ஆகிய ஒவ்வொன்றும் இவ்வேறுபாட்டைவிடப் பெரிய அளவில் மாறி, ஒன்றையொன்று ஈடுசெய்ய முடியும். கார்பன்–கார்பன் பிணைப்பு சற்று நீள அனுமதித்தாலே இப்பங்கீடு மாறிவிடுகிறது.

இந்தப் பின்னணியில்தான் 2001-இல் போஃப்ரிஸ்டிக், குட்மன் இருவரின் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஒரு மெத்தில் தொகுதியின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஆர்பிட்டாலிலிருந்து மறு தொகுதியின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கு எலக்ட்ரான் அடர்த்தி பரவுவதைக் கணக்கிலிருந்து நீக்கினால், ஈத்தேன் மறைத்தல் அமைப்பையே விரும்பும் என்று அவர்கள் காட்டினர். 2003-இல் பிக்கெல்ஹவுப்ட், பேரண்ட்ஸ் இருவரும் இதை மறுத்தனர். பரவல் விலகல் அமைப்புக்குச் சாதகமானதே எனினும், நிறைந்த ஆர்பிட்டால்களுக்கிடையிலான பௌலி விலக்கமே முதன்மைக் காரணம் என்பது அவர்கள் வாதம். 2004-இல் மோ, காவ் முதலியோர் இணைதிறன் பிணைப்புக் கொள்கை வழியே ஆராய்ந்து, ஹைப்பர்கான்ஜுகேஷனின் பங்கு தடையில் மூன்றில் ஒரு பகுதி அளவே என்றனர்.

இவர்களுள் எவரும் கணக்கில் தவறியதாகச் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் வெவ்வேறு கற்பனை ஈத்தேனோடு உண்மை ஈத்தேனை ஒப்பிட்டனர். முதல் ஆய்வின் கற்பனை மூலக்கூறு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக்கப்பட்ட பிணைப்பு ஆர்பிட்டால்களால் ஆனது. இரண்டாவது, இரு மெத்தில் துண்டுகளை அவற்றின் மூல ஆர்பிட்டால்களோடு அருகில் வைத்துத் தொடங்குகிறது. முன்னதில் செங்குத்தாக்கலின்போதே ஆர்பிட்டால்களுக்குள் சென்றுவிடும் விளைவு, பின்னதில் விலக்கமாகக் கணக்கில் ஏறுகிறது. பரவலற்ற ஈத்தேனை எந்தக் குடுவையிலும் அடைத்து அளக்க இயலாது. தடை இயற்கை தரும் எண். அதன் பங்கீடு ஆய்வாளர் வரையறுக்கும் தொடக்க நிலையைச் சார்ந்தது.

அப்படியானால் எல்லா விளக்கமும் சமமா என்ற கேள்வி நியாயமானது. சமமல்ல. ஒரு விளக்கத்தை அது புதிதாக எதை முன்னறிவிக்கிறது என்பதைக் கொண்டு எடைபோடலாம். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் அணுக்களைக் கடினக் கோளங்களாகக் கொண்டு, எந்தச் சுழற்சிக் கோணங்களில் அவை மோதிக்கொள்ளும் என்று மட்டுமே பார்த்தனர். புரதங்களின் அமைப்பை இன்றளவும் சரிபார்க்கப் பயன்படும் வரைபடம் அதிலிருந்து பிறந்தது. அதே நெருக்கடிக் கருத்து 1,2-டைஃபுளூரோஈத்தேனில் தோற்கிறது. ஹைட்ரஜனைவிடப் பெரிய ஃபுளூரின் அணுக்கள் இரண்டும் எதிரெதிரே விலகி நிற்காமல், அருகருகே அமையும் காஷ் வச அமைப்பே அங்கு நிலைத்தன்மை மிக்கது. அதை விளக்க ஹைப்பர்கான்ஜுகேஷன் பெரிதும் உதவுகிறது. ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் அது செல்லுபடியாகும் எல்லை உண்டு. அவ்வெல்லையை அறிவதும் வேதியியல் அறிவின் பகுதியே.

இந்தியப் பல்கலைக்கழகச் சூழலில் இது வெறும் தத்துவச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. நெட் போன்ற தேர்வுகளின் நான்கு விருப்பங்களுள் ஒன்றைத் தேர்ந்து பழகிய மாணவர், காரணம் என்பதும் அவ்வாறே ஒன்றாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு ஆய்வுக்கு வருகிறார். ஆய்வேட்டில் மென்பொருள் தந்த ஆர்பிட்டால் இடைவினை ஆற்றல்களை அட்டவணையாக இட்டு, மிகப்பெரிய எண்ணைச் சுட்டி ‘இதுவே காரணம்’ என்று முடிக்கிறார். வேறொரு முறை அந்த முடிவைத் தலைகீழாக்குமா என்று வாய்மொழித் தேர்விலும் கேட்கப்படாவிட்டால், கருவியின் வரையறை இயற்கையின் உண்மையாகப் பதிவாகிவிடுகிறது. அடுத்து வரும் மாணவர் அதையே மேற்கோள் காட்டுவார்.

மாற்றத்துக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஈத்தேனின் சுழற்சித் தடையை இன்று சாதாரண மடிக்கணினியிலேயே கணக்கிடலாம். முதுநிலை ஆய்வகத்தில் அதை முதலில் கணக்கிடச் செய்து, பின்னர் இரு வேறு முறைகளால் பிரித்துப் பார்க்கச் செய்தால், இரு பங்கீடுகளும் ஒத்துப்போகாததை மாணவர் கண்ணாரக் காண்பார். ஆய்வேடுகளில் காரணம் கூறும் ஒவ்வொரு வாக்கியமும் தன் ஒப்பீட்டு நிலையையும் உடன் குறிப்பிட வேண்டும் என்று நெறியாளர்கள் வலியுறுத்தலாம். தேர்வில் ஈத்தேன் பற்றிய வினாவை, ‘எந்தக் கற்பனை மூலக்கூறோடு ஒப்பிட்டால் இவ்விடை கிடைக்கும்?’ என்று மாற்றிக் கேட்கலாம்.