மைதானத்துக்கு ஒரு படிப்பு, மருத்துவமனைக்கு ஒரு படிப்பு

அண்மையில் எமது பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் எம்மிடம் வரலாறு படித்தவர். இன்று ஸ்காபரோவில் மூன்று பிள்ளைகளின் தகப்பன். "மாஸ்ரர், இவளுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேணும்" என்று தொடங்கினார். மூத்த மகள் இவ்வாண்டு இளமாணிப் பட்டப் படிப்பை முடிக்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. பிசியோதெரப்பியில் கலாநிதிப் பட்டமும், அத்லெற்றிக் ரெயினிங் என்னும் துறையில் முதுமாணிப் பட்டமும் சேர்ந்த இணைப் படிப்பு அது. தகப்பனின் மனக்குறை இதுதான்: "பிசியோ படிக்கட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. மற்றது தண்ணிப் போத்தலோட ஓடுற வேலையெல்லோ? அதுக்கு ஏன் காசும் காலமும்?"

கலைப் பட்டதாரியாகிய எமக்கு இதில் தீர்ப்புக் கூறும் தகுதி இல்லை. ஆயினும், பிள்ளைகளுக்குப் பாடத் தெரிவில் ஆலோசனை கூறிய பழைய பழக்கம் விடவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். விசாரித்தபோது தகப்பன் எண்ணுவது முழுப் பிழை என்றும், மகள் எண்ணுவது பாதிப் பிழை என்றும் கண்டோம்.

எமது ஊர் ஆஸ்பத்திரிகளில் இயன்மருத்துவம் என்று எழுதப்பட்டிருக்கும் பிசியோதெரப்பி, அமெரிக்காவில் போரின் பிள்ளையாகவே வளர்ந்தது. முதலாம் உலகப் போரில் காயமுற்ற படையினரை மீண்டும் எழுந்து நடக்கவைத்த பெண்களே அத்துறையின் முன்னோடிகள். 1921இல் அவர்கள் அமைத்த சங்கத்துக்கு மேரி மக்மிலன் முதல் தலைவியானார். ஜெய்ப்பூர் காலுடன் நடை பழகிய எம்மவரைக் கண்ட கண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உதைபந்தாட்டம் ஆடி வளர்ந்த அந்தப் பெண்ணோ, பிசியோதெரப்பி என்றால் வீரர்களின் முழங்கால் என்றே எண்ணியிருக்கிறாள். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி, நடுக்குவாத நோயாளி, தீக்காயம் பட்ட குழந்தை ஆகியோரும் இத்தொழிலின் கவனிப்புக்கு உரியவர்களே. இவர்களுடன் பொறுமையாக மாதக்கணக்கில் இருக்க மனமில்லாதவர் அந்தப் பக்கம் போகாதிருப்பதே நன்று.

மற்றைய படிப்புக்கு வருவோம். அத்லெற்றிக் ரெயினர் என்பவர் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் அல்லர். பெயர்தான் மயக்குகிறது. 1950இல் கன்சஸ் சிற்றியில் இவர்களது தேசியச் சங்கம் தொடங்கியது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது. முன்னர் இளமாணிப் பட்டத்துடன் இத்தொழிலுக்குள் நுழைய முடிந்தது. 2022 இலையுதிர் காலத்தின் பின்னர் அவ்வகைப் படிப்புக்குப் புதியவர்களைச் சேர்க்க முடியாது. இன்று முதுமாணிப் பட்டமே வாசல்.

2023 ஜனவரி 2ஆம் திகதி இரவு சின்சினாற்றியில் நடந்ததை வாசகர்கள் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். வாவிக்கு அப்பாலுள்ள பஃபலோ அணியின் டமார் ஹம்லின், எதிராளியைத் தடுத்து வீழ்த்தி எழுந்த மறுகணமே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே அவரது நெஞ்சை அழுத்தத் தொடங்கியவர் அணியின் உதவி அத்லெற்றிக் ரெயினர் டெனி கெலிங்ரன். ஹம்லின் உயிர் பிழைத்தார். அதே ஆண்டிலேயே மீண்டும் விளையாடவும் வந்தார். தண்ணீர்ப் போத்தல் கொண்டு ஓடுபவர் என்று எவரையும் சொல்வதற்கு முன்னர் அந்த இரவை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். வெயிலில் ஓடி உடல் கொதித்து மயங்கியவரை அம்புலன்சில் ஏற்ற முன்னரே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும் என்பதும் இவர்கள் கற்கும் பாடமே. அங்கே பிந்தும் நிமிடங்கள் உயிரைக் கொண்டுபோய்விடும்.

எமது மைதானங்களின் நிலை என்ன? கடந்த கோடையில் ஒரு சுற்றுப் போட்டிக்குப் போயிருந்தோம். ஒலிபெருக்கி இருந்தது. கொத்துரொட்டிக் கடை இருந்தது. பிரதம விருந்தினருக்குப் பொன்னாடையும் இருந்தது. ஒரு பையன் முழங்கால் திருகி விழுந்தான். ஒருவர் காலைப் பிடித்து இழுத்தார். இன்னொருவர் தைலம் தேய்த்தார். மூன்றாமவர் எழுந்து நடந்து பார் என்று அதட்டினார். ஊரிலே எமக்குத் தெரிந்த முறிவு நெறிவு வைத்தியர்கூடத் தடவிப் பார்க்காமல் இழுக்கமாட்டார். குளிர்ந்த சோடாப் போத்தல் ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுத்ததே நாம் செய்த பெருந்தொண்டு. பதினைந்து ஆண்டுகள் விளையாட்டுப் போட்டிகளில் மணிக்கூடு பிடித்து நின்ற ஆசிரியர் செய்தது அவ்வளவுதான்.

ஆகவே இரண்டையும் சேர்த்துப் படிப்பது வீண் என்று நாம் கருதவில்லை. விழுந்த முதல் நிமிடத்தைக் கற்றவரும், அடுத்த ஆறு மாதங்களைக் கற்றவரும் ஒருவராகவே இருப்பதில் பொருளுண்டு. தனித்தனியே படித்தால் பிசியோதெரப்பிக்கு மூன்று ஆண்டுகள், மற்றதற்கு இரண்டு. உடற்கூற்றியல் போன்ற பாடங்கள் இரண்டுக்கும் பொது என்பதால் இணைப் படிப்பில் காலம் சற்றுக் குறைகிறது. சுமை குறைவதில்லை. இரு வகைக் களப்பயிற்சி, இரு தேர்வுகள், இரு அனுமதிப் பத்திரங்கள். பகலில் மருத்துவமனை, மாலையில் மைதானம் என்று ஓட நேரும் நாட்களும் வரும்.

பணத்தை மறைப்பது நேர்மையன்று. அமெரிக்க அரசின் தொழிற் புள்ளிவிபரப்படி 2023 மே மாதத்தில் பிசியோதெரப்பிஸ்ற் ஒருவரின் நடுநிலை ஆண்டுச் சம்பளம் 99,710 டொலர்; அத்லெற்றிக் ரெயினருடையது 57,930. இரண்டு பத்திரங்களும் கையிலிருந்தால் இரண்டு தொகையும் கூட்டி வருமென்று எவரும் கணக்குப் போட வேண்டாம். வேலை கொடுப்பவர் ஒரு கதிரைக்கே சம்பளம் கொடுப்பார். கனடாப் பிரஜைக்கு அமெரிக்க மத்திய அரசின் மாணவர் கடனும் இல்லை. ஒன்ராறியோவுக்குத் திரும்பித் தொழில் செய்வதாயின், வெளிநாட்டில் படித்தவர் என்ற வகையில் தகுதி மதிப்பீட்டுக்கும் தேர்வுக்கும் முகங்கொடுக்க வேண்டும். இங்கேயே முதுமாணிப் பட்டத்துடன் பிசியோதெரப்பிஸ்ற் ஆகலாம். அத்லெற்றிக் தெரப்பியை யோர்க் பல்கலைக்கழகத்திலோ ஷெரிடன் கல்லூரியிலோ தனியே படிக்கலாம். பட்டங்களின் எண்ணிக்கைக்காக எல்லை கடப்பதாயின் வேண்டாம் என்றே சொல்லியிருப்போம்.

இவற்றையெல்லாம் அவளிடம் நேரில் சொன்னோம். மாதக்கணக்காக நோயாளியுடன் இருக்கப் பொறுமை உண்டா என்றும் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, பாரிசவாதத்தில் விழுந்த தன் அம்மம்மாவைக் குளியலறைவரை நடத்திச் சென்ற இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொன்னாள். வீட்டில் வேறு எவருக்கும் அதற்கு நேரம் இருக்கவில்லையாம். தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் கலக்கினார். பின்னர், கலாநிதிப் பட்டம் என்றால் கலியாணக் கார்ட்டில் டொக்டர் என்று போடலாமோ என்று கேட்டார். பட்டம் அதுவே, ஆனால் மருந்து எழுதும் டொக்டர் அல்ல என்று விளக்கினோம். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

முற்பணம் கட்டுவதற்கு இம்மாத இறுதிவரை தவணை உண்டு. வங்கிக் கடன் பத்திரத்தில் அவர் இன்னும் கையொப்பமிடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அவரது வீட்டுக்குப் போக இருக்கிறோம்.