வடகோடி வானமும் கோள்களைக் காணும் முறையும்

கோள்களை அடையாளங் காண்பதற்குப் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டுவரும் விதி ஒன்று உண்டு. விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் மினுக்கா என்பதே அது. எளிமையும் பயனும் உடைய விதிதான். ஆயினும், அது எவ்விடத்திற்கும் பொருந்தும் என்று மாணவர் நம்புமாறு விட்டுவிடுதல் நன்றன்று. எந்த விதியையும் அது செல்லும் எல்லையோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். இதனை வடகோடி வானம் தெளிவாக உணர்த்துகிறது.

ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், வட அட்சம் 78 பாகை 55 கலையில் நி-ஆலசுண்டு என்னும் சிற்றூர் உள்ளது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் 2008-ஆம் ஆண்டு அங்குத் திறக்கப்பட்டது. 2023 டிசம்பரில் முதல் குளிர்காலக் குழுவும் அனுப்பப்பட்டது. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை அங்குக் கதிரவன் உதிப்பதில்லை. டிசம்பர் 21 அன்று நண்பகலிலும் அது தொடுவானத்திற்கு ஏறத்தாழ 12 பாகை கீழே இருக்கும். மேகமில்லையேல் நண்பகலிலேயே விண்மீன்களைக் காணலாம். இத்துணை நீண்ட இரவில் கோள்கள் யாவும் புலப்படும் என்று எண்ணுதல் இயல்பே. உண்மை அவ்வாறன்று.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும், முழுமதியின் குறுக்களவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இடைவெளி இருக்குமாறு நெருங்கி நின்றன. இந்தியாவில் அந்திப்பொழுதுக்குப் பின் தென்மேற்கு வானில் இக்காட்சி தெரிந்தது. நி-ஆலசுண்டிலோ அன்று முழுதும் கதிரவன் இல்லாதிருந்தும் அக்கோள்கள் எழவேயில்லை. காரணம் எளிது. அங்கு வான நடுக்கோடு தென்திசையில் 11 பாகை உயரமே எட்டுகிறது. கோள்கள் இரண்டும் அன்று அக்கோட்டிற்குத் தெற்கே 20 பாகைக்கு மேல் விலகியிருந்தன.

மாறாக, 2024 டிசம்பரில் வியாழன் ரிஷபக் கூட்டத்தில், நடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 22 பாகையில் நின்றது. அப்பொழுது அங்கு அது மறையவேயில்லை. 11 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையே ஏறியும் இறங்கியும் நாள் முழுதும் வானைச் சுற்றிவந்தது. வியாழன் ராசி மண்டலத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்று மறையாக் கோளாயிருப்பது ஆறு ஆண்டுகளில் உதியாக் கோளாகிவிடும்.

மினுக்குதல் பற்றிய விதியும் அங்குத் தளர்கிறது. விண்மீன் ஒரு புள்ளியாகத் தோன்றுவது. கோள் சிறு வட்டத்தட்டு. தட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் ஒளியின் நடுக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் கோள் நிலையாக ஒளிர்கிறது. ஆனால் 10 பாகை உயரத்திலுள்ள பொருளின் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட காற்றை ஊடுருவி வருகிறது. அந்நிலையில் கோளும் மினுக்கக்கூடும். தாழ்ந்தே உலவும் கோள்களை இவ்விதியால் மட்டும் அறிய முயல்வோர் ஏமாற நேரும்.

எவ்விடத்தும் பிழையாத குறிகள் இரண்டு. கதிரவன் விண்மீன்களினூடே ஓராண்டில் கடந்துசெல்லும் கிராந்தி வட்டத்தை ஒட்டியே கோள்கள் காணப்படும். பல இரவுகள் தொடர்ந்து நோக்கின், அவை விண்மீன்களிடையே இடம் பெயர்வது தெரியவரும். ஆசிரியர்கள் இவ்விரண்டையும் முதன்மையாகக் கொண்டு, மினுக்குதலைத் துணைக்குறியாக மட்டும் கூறுதல் தகும்.

இவை உயர் வகுப்பிற்கே உரியவை என்று சிலர் கூறக்கூடும். ஒரு கோணமானியும், நூலில் கட்டிய சிறு கல்லும் இருந்தால் துருவ மீனின் உயரத்தை மாணவரே அளக்கலாம். அவ்வுயரமே ஏறத்தாழ அவ்வூரின் அட்சம். கன்னியாகுமரியில் அது 8 பாகை, லேயில் 34 பாகை. நடுக்கோட்டிற்கு வடக்கே 22 பாகையிலுள்ள வியாழன், லேயில் உச்சிக்குத் தெற்கேயும் கன்னியாகுமரியில் உச்சிக்கு வடக்கேயும் கடந்துசெல்லும். இதற்குக் கூட்டலும் கழித்தலும் அறிந்திருந்தாலே போதும்.

களப்பணியாளர்க்கும் இது பொருந்தும். தாழ்வானில் கண்ட ஓர் ஒளியைக் குறிப்பேட்டில் பதியும்போது இடம், நேரம், திசை, உயரம் ஆகிய நான்கையும் தவறாது எழுதவேண்டும். இவையின்றி எழுதப்படும் குறிப்பைப் பிறர் சரிபார்த்தல் இயலாது. வானம் எங்கும் ஒன்றே. அதனைக் காட்டும் தொடுவானம் ஊர்தோறும் வேறு என்பதை மாணவர் தம் கையால் அளந்து அறிவாராயின், அதுவே உண்மையான வானநூற் கல்வியாகும்.