பிறந்து மூணே நாள்... ரத்தத்தில் தொற்று! பச்சிளம் குழந்தைகளை மிரட்டும் 'செப்சிஸ்'

பிறந்து மூணு நாள்கூட ஆகாத குழந்தை. வாழ்க்கையில் ஒரு சொட்டு மருந்துகூட குடிச்சதில்லை. ஆனா, அதன் ரத்தத்தில் கலந்திருக்கும் பாக்டீரியாவோ பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்க மறுக்குது. எங்கிருந்து வந்தது இந்தக் கிருமி?

பாக்டீரியா ரத்தத்தில் கலந்து, அதை எதிர்க்கும் போராட்டத்தில் உடல் உறுப்புகளே செயலிழக்கத் தொடங்கும் நிலைதான் செப்சிஸ். குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். தாயிடமிருந்து வரவேண்டிய எதிர்ப்பு சக்தியில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். முன்கூட்டியே பிறந்தால் அது கிடைக்காது.

டெல்லி ஆய்வு சொன்னது என்ன?

டெல்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடந்தது. அங்கேயே பிறந்து, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைக் கண்காணித்தார்கள். நூற்றில் 14 பேருக்கு செப்சிஸ். அதிலும் பாதிக்கும் மேற்பட்டவை பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்தவை. அதிகம் சிக்கிய கிருமி, மருத்துவமனைகளில் பரவுவதற்குப் பேர்போன அசினிட்டோபாக்டர். அதில் பெரும்பாலானவை பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை.

பெரிய நகரத்தில் மட்டும்தான் இப்படியா? இல்லை. ஐந்து மாவட்ட மருத்துவமனைகளில் 2019 முதல் 2021 வரை நடந்து, 2025-ல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். ரத்தப் பரிசோதனையில் கிருமி உறுதியான குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறந்துபோயின.

அப்போ ஆஸ்பத்திரி பிரசவமே தப்பா?

நிச்சயமா இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005-06-ல் இந்தியாவில் 39 சதவிகிதப் பிரசவங்கள்தான் மருத்துவமனையில் நடந்தன. 2019-21-ல் அது 89 சதவிகிதம். இதே காலத்தில், பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 39-லிருந்து 25 ஆகக் குறைந்தார்கள். இது பெரிய சாதனை.

சிக்கல் வேற இடத்தில் இருக்கு. பிரசவங்கள் கூடிய வேகத்துக்கு நர்ஸ்களும் படுக்கைகளும் லேப் வசதியும் கூடலை. ஒரே வார்மரில் ரெண்டு குழந்தைகள், ஒரே நர்ஸ் கையில் பல குழந்தைகள் என்றால், கிருமி கைமாறுவது சுலபம். ரத்தத்தில் என்ன கிருமி என்று கண்டுபிடிக்கும் 'கல்ச்சர்' பரிசோதனை முடிவு வர ரெண்டு, மூணு நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாத டாக்டர், வீரியமான மருந்தை உத்தேசமாக ஆரம்பிக்கிறார். அதையும் தாங்கிப் பிழைக்கும் கிருமி, அடுத்த குழந்தைக்குப் போகிறது.

விலை குறைவான ஆயுதங்கள்

புது ஆன்டிபயாடிக் வர வருஷங்கள் ஆகும். கை கழுவ ஒரு நிமிஷம் போதும். பிறந்தவுடனேயே தாயின் மார்போடு தோல் படும்படி குழந்தையை அணைத்து வைக்கும் 'கங்காரு பராமரிப்பு', எடை குறைந்த குழந்தைகளின் இறப்பை 25 சதவிகிதம் குறைப்பதாக, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் சொன்னது. ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த சோதனையில், நல்ல பாக்டீரியா கலந்த மருந்தை ஒரு வாரம் கொடுத்ததில் செப்சிஸும் இறப்பும் சேர்த்து 40 சதவிகிதம் குறைந்தன. இதை நாமே கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஆனா, வருமுன் காப்பது சாத்தியம்னு இது காட்டுது.

நாம செய்ய வேண்டியது?

* குழந்தையைத் தூக்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. சளி, காய்ச்சல்னா பார்க்கப் போறதைத் தள்ளிப் போடுங்க. முத்தம் வேண்டவே வேண்டாம்.
* சேனை வைக்கிறோம்னு சர்க்கரைத் தண்ணி, தேன் எதுவும் கொடுக்காதீங்க. சீம்பால்தான் முதல் கவசம்.
* தொப்புள்கொடியில் பவுடர், எண்ணெய் தடவாதீங்க. சுத்தமா, உலர்வா இருந்தா போதும்.
* சாதாரண சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமளே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குற பழக்கத்தை நிறுத்தணும். நம்ம உடம்பில் மருந்துக்குப் பழகும் கிருமி நம்மோடு நிற்பதில்லை.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

பால் குடிக்க மறுப்பது, தட்டி எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது, வலிப்பு, காய்ச்சல், அல்லது உடம்பு சில்லுனு ஆவது. பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம். 'காலையில பார்த்துக்கலாம்'னு ராத்திரியைக் கடத்தாதீங்க. இங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அப்புறம், குழந்தையைப் பார்க்க வர்ற பெரியப்பா, அத்தை யாரா இருந்தாலும், "கை கழுவிட்டு வாங்க"ன்னு சொல்லத் தயங்காதீங்க. அவங்க கோபம் ரெண்டு நாள்ல போயிடும்.