பலாமரம் விழுந்த வீடும் பதினொரு மாதக் காத்திருப்பும்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. விடிந்து பார்த்தபோது சாவகச்சேரியில் எமது வீட்டுக் கோடியில் நின்ற பலாமரம் சமையலறைக் கூரையின்மீது சாய்ந்து கிடந்தது. ஓடுகள் நொறுங்கியிருந்தன. வளை முறிந்து, சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. உயிருக்குச் சேதமில்லை.

"உங்களுக்கென்ன ஐயா, இன்சூரன்ஸ் இருக்குத்தானே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கை கரைவதற்குப் பதினொரு மாதங்கள் சென்றன.

காப்புறுதி நிறுவனத்தின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. எனது நோக்கம் ஒரு நிறுவனத்தைத் தூற்றுவதன்று. மதிப்பீட்டாளர் வருவதற்கே ஏழு வாரங்கள் ஆயின. கொரோனாக் காலம் என்பதால் அதனைப் பொறுத்துக்கொண்டேன். அதுவரை மரத்தை வெட்டி அகற்றக்கூடாது என்றார்கள். மழைக்காலத்தில் கூரையில்லாத சமையலறையைத் தறப்பாளால் மூடிக்கொண்டு காத்திருந்தோம். வந்தவர் முறிந்த வளையைத் தட்டிப் பார்த்து, "கறையான் அரித்திருக்கிறது" என்றார். பிறகு காணி உறுதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், மேசனின் செலவு மதிப்பீடு என ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒன்றைக் கொடுத்தபின்னரே அடுத்ததைக் கேட்பார்கள். கடிதங்கள் யாவும் ஆங்கிலத்தில் வந்தன.

இறுதியில் கிடைத்த கணக்கு இதுதான். திருத்தச் செலவு 4 இலட்சம் ரூபா. பழைய கூரை என்பதால் தேய்மானமாக 80,000 ரூபா கழிந்தது. எஞ்சியது 3 இலட்சத்து 20 ஆயிரம். வீட்டின் பெறுமதியை 60 இலட்சம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நாம் காப்புறுதி செய்திருந்ததோ 15 இலட்சத்துக்கு. நாலில் ஒரு பங்குக்கே காப்புறுதி செய்திருப்பதால், நட்டத்திலும் நாலில் ஒரு பங்கே கிடைக்கும் என்றார்கள். அது 80,000 ரூபா. எந்தக் கோரிக்கையிலும் முதற் பத்தாயிரத்தை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்பதால் மிஞ்சியது 70,000. அந்தப் பணமும் என் கைக்கு வரவில்லை. பத்திரத்தில் வங்கியின் பெயரும் இருந்தபடியால் நேரே கடன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் மோசடி எதுவுமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைத்துக் காப்புறுதி செய்தால் நட்டஈடும் அந்த விகிதத்தில் குறையும் என்ற விதி உலகெங்கும் உள்ளது. கால்வாசிப் பெறுமதிக்குக் கட்டணம் செலுத்தியவருக்கு முழு நட்டத்தையும் கொடுத்தால், ஒழுங்காகக் கட்டியவருக்கு அநியாயம்தான். ஆனால் அந்த 15 இலட்சத்தைத் தீர்மானித்தது யார்? நானல்லன். வீடு திருத்த நான் பெற்ற கடன் 15 இலட்சம். வங்கி தன் கடனுக்கு அளவாகக் காப்புறுதி எடுக்கச் சொன்னது. முகவர் படிவத்தை நிரப்பினார். நான் கையெழுத்திட்டேன். வங்கியின் பணம் காப்பாற்றப்பட்டது, வீடு காப்பாற்றப்படவில்லை. கட்டணம் வாங்கிய நாளில் இதனை எவரும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் அச்சுப்பிழை தேடிய கண்கள் அந்தப் பத்திரத்தைப் படிக்கவில்லை என்பது எனது வெட்கம்.

எங்கள் ஊருக்கு இழப்பு புதிதன்று. 2000 மே மாதத்தில் போர் தென்மராட்சிக்குள் புகுந்தது. செப்டெம்பரில் இராணுவம் பட்டினத்தை மீளக் கைப்பற்றியபோது சாவகச்சேரி கற்குவியலாகக் கிடந்தது. அன்று காப்புறுதி வைத்திருந்தாலும் பயனிருந்திராது. சாதாரண வீட்டுக் காப்புறுதியில் போர், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி ஆகியவற்றால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். அரசின் நட்டஈட்டையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அதற்கென 1987இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபையின் இடத்துக்கு, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் வந்தது. பெயர்ப்பலகைகள் மாறின. கோவைகளைச் சுமந்து அலைந்த முதியவர்கள் பலர் மாறாத கோவைகளுடனேயே மறைந்தார்கள். அவர்களைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன். அப்போது அவர்களின் களைப்பை நான் அறிந்திருக்கவில்லை, இப்போது அறிகிறேன்.

நான் கேட்பது மூன்றே. கடனுக்கு அளவாகக் காப்புறுதி எடுப்பிக்கும் வங்கி, வீட்டின் முழுப் பெறுமதிக்கு எடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குடன் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தேவையான ஆவணங்களின் பட்டியலை முதல் நாளிலேயே முழுமையாகத் தர வேண்டும். குறைத்தாலும் மறுத்தாலும் காரணத்தை வாடிக்கையாளருக்குத் தெரிந்த மொழியில் எழுத வேண்டும். இவை பெரிய செலவு பிடிக்கும் சீர்திருத்தங்கள் அல்ல.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் வீடு கட்டவும் திருத்தவும் பணம் அனுப்புகிறீர்கள். அந்த வீட்டின் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் எழுதியுள்ள தொகை இன்றைய கட்டடச் செலவுக்கு ஈடாகுமா என்று பாருங்கள். சேதம் நேர்ந்தால், மரத்தை அகற்றுமுன் நாலாபுறமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். நிறுவனத்துடன் பேசித் தீராவிட்டால் கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார் என்பதையும் சொல்லி வையுங்கள்.

சமையலறைக்கு இப்போது புதுக்கூரை போட்டாயிற்று. பணம் மகள் அனுப்பியது. சாவகச்சேரியில் பல வீடுகளுக்கு இன்றும் உண்மையான காப்புறுதி அதுதான்.