மக்கள் தீர்ப்பு என்று முழங்குவோருக்கு

அமெரிக்காவில் அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத் தேர்தல் வரும். முடிவு வெளியான இரவே தொலைக்காட்சி அரசியல் பண்டிதர்கள் பல்லவியைத் தொடங்கிவிடுவார்கள்: "மக்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதிபர் மூட்டை கட்ட வேண்டியதுதான்." மறுநாள் நம் நாளேடுகளும் அதை அப்படியே எடுத்துப் போடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம். இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டேன். இவர்கள் பதம் பார்க்கும் சோறு வேறு பானையில் வெந்தது.

முதலில், அதிபரின் கட்சி தோற்றால் அது அதிபர் மீதுள்ள கோபம் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இடைக்காலத் தேர்தல்களில் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடம் பெற்றது 1998, 2002 என இரண்டே முறை. மற்ற எல்லாத் தேர்தலிலும் இழப்புதான். யார் அதிபராக இருந்தாலும் நடக்கும் ஒன்றை ஒருவர் மீதான தீர்ப்பு என்று எப்படிப் படிக்கிறார்கள்?

அடுத்தது, இன்று தோற்றவர் இரண்டாண்டில் வீழ்வார் என்ற ஆரூடம். இதைச் சொல்பவர்கள் 1946-ஐ ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். "போதும் போதும் என்றாகிவிட்டதா?" என்ற கேள்வியையே கோஷமாக்கிக் குடியரசுக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. பிரதிநிதிகள் சபையில் மட்டும் 55 இடங்கள் கூடின. ஜனநாயகக் கட்சி அதிபர் ட்ரூமன் ஒழிந்தார் என்று எதிரிகள் சொன்னதில் வியப்பில்லை. சொந்தக் கட்சி செனட்டர் ஃபுல்பிரைட்டே அவரைப் பதவி விலகச் சொன்னார். ரூஸ்வெல்ட் மறைந்து ட்ரூமன் அதிபரானதால் துணை அதிபர் பதவி காலியாக இருந்தது. அன்றைய சட்டப்படி அதிபருக்கு அடுத்த வரிசையில் இருந்தவர் வெளியுறவு அமைச்சர். ஆகவே குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரை அந்த இடத்தில் அமர்த்திவிட்டு ட்ரூமன் விலகட்டும் என்பது ஃபுல்பிரைட்டின் யோசனை. தீர்ப்பு வந்துவிட்டது என்று அவரும் நம்பினார்.

வென்றவர்கள் என்ன செய்தார்கள்? ட்ரூமன் வீட்டோ செய்தும் கேளாமல், தொழிற்சங்கங்களின் கையைக் கட்டும் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தை 1947-ல் நிறைவேற்றினார்கள். தொழிலாளர்கள் கொதித்தார்கள். 1948-ல் அதிபர் தேர்தல் பிரசாரத்துக்காக ட்ரூமன் ரயிலேறினார். நின்ற ஊரிலெல்லாம் கடைசிப் பெட்டியின் பின்புறம் நின்று, எதையும் செய்யாத நாடாளுமன்றம் என்று திட்டித் தீர்த்தார். தன்னை எதிர்த்து நின்ற டியூயியைவிட நாடாளுமன்றத்தைத்தான் அதிகம் அடித்தார். 1946-ல் அவருடைய கட்சி வென்றிருந்தால் அவருக்கு அடிக்க ஆள் கிடைத்திருக்காது. தேர்தல் இரவில் சிகாகோ ட்ரிப்யூன் 'டியூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தது; வென்றவரோ ட்ரூமன். பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சிக்கு 75 இடங்கள் கூடின. இரு அவைகளும் திரும்பக் கைக்கு வந்தன.

இது தற்செயல் அல்ல. 1982-ல் 26 இடங்களை இழந்த ரீகன், 1984-ல் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். 1994-ல் 54 இடங்களைப் பறிகொடுத்த கிளிண்டன், அரசு அலுவலகங்களையே மூடவைத்த குடியரசுக் கட்சித் தலைவர் கிங்ரிச் கூட்டத்தைக் காட்டிக்காட்டி 1996-ல் மீண்டும் வந்தார். 63 இடங்களை இழந்த ஒபாமாவும் திரும்ப வென்றார். மாறாக, 1990-ல் எட்டே இடங்களை இழந்த மூத்த புஷ் 1992-ல் வீட்டுக்குப் போனார். 2022-ல் பைடன் கட்சி ஒன்பது இட இழப்போடு தப்பியது. 2024-ல் வெள்ளை மாளிகையை இழந்தது. 2018-ல் அடிபட்ட ட்ரம்ப் 2020-ல் தோற்றாரே என்பார்கள். அது பெருந்தொற்று நாட்டையே புரட்டிப்போட்ட ஆண்டு.

அந்த 2018-லும் ஒரே நாளில் மக்கள் பிரதிநிதிகள் சபையை ஜனநாயகக் கட்சிக்குக் கொடுத்தார்கள். செனட்டில் குடியரசுக் கட்சிக்கு இரண்டு இடம் கூட்டினார்கள். இதில் எது தீர்ப்பு?

வாக்களிக்க வருபவர்களும் ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள் அல்ல. ஒபாமா வென்ற 2008-ல் வாக்களித்தவர்கள் சுமார் 13 கோடி. 2010 இடைக்காலத் தேர்தலுக்கு வந்தவர்கள் 9 கோடி. 2012-ல் மறுபடி 13 கோடி. இடையில் காணாமல்போன நான்கு கோடிப் பேரில் இளைஞர்களும் சிறுபான்மையினரும் அதிகம். மக்கள் மனம் மாறிவிட்டது என்று எழுதியவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்க்கவே இல்லை. 2014-ல் தகுதியுள்ளவர்களில் 36 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். வீட்டிலிருந்த மூன்றில் இரண்டு பங்கினரின் பெயரால் தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்?

வந்தவர்களின் வாக்காவது ஒழுங்காக இடங்களாக மாறுகிறதா? 2012 பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் பென்சில்வேனியாவில் ஜனநாயகக் கட்சிக்குக் கூடுதல் வாக்குகள் விழுந்தன. கிடைத்த இடங்கள் 18-ல் ஐந்து. குடியரசுக் கட்சியினர் வரைந்த தொகுதிகளில் ஒன்று, கார்ட்டூன் நாய் கூஃபி டொனால்ட் வாத்தை உதைக்கும் படம்போல இருந்தது. 2016-லும் அதே 13–5. மாநில உச்ச நீதிமன்றம் 2018-ல் அந்த வரைபடத்தைத் தூக்கியெறிந்த பிறகு முடிவு 9–9 ஆயிற்று.

கட்சிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் 2025-ல் டெக்சாஸ் தன் தொகுதிகளை மாற்றி வரைந்தது. குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடும் என்பதே கணக்கு. பதிலுக்குக் கலிஃபோர்னியா அந்த நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தித் தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. அடுத்த முறை தீர்ப்பு வந்துவிட்டது என்று திரையில் இடங்களைக் கூட்டிக் காட்டும் பண்டிதர்கள், எந்தத் தொகுதியின் எல்லையை யார், எந்த ஆண்டில் வரைந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே காட்டட்டும்.